கடலுக்குள் ஒரு பஞ்சர்!

ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் சிலிண்டரோடு சேர்த்து மாட்டிக்கொள்கிற காற்றுப் பைக்கு பி.சி.டி. என்று பெயர். விரித்தால், பாய்யன்ஸி கன்ட்ரோல் டிவைஸ். வாய் வலிக்கும் என்பதால் எல்லோரும் 'ஜாக்கெட்' என்றுதான் சொல்கிறார்கள். இதனால் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் குழப்பம்.

"பழைய ஜாக்கெட் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கட்டுமா?" என்று கேட்டேன்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாக வந்து நின்றாள். "யாரோடது?"

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. உங்களுக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கடலில் இறங்குகிறவனுக்கு மூன்று காரியம் நடக்க வேண்டும். மேலே இருக்கும்போது மிதக்க வேண்டும். கீழே போனால் மிதக்கவும் கூடாது, தரை தட்டவும் கூடாது. மீன் மாதிரி நடுவில் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது மெள்ள வர வேண்டும். பி.காம். படித்தவனுக்கு இது சுலபம். கீழே நிற்கிற அந்த நிலைமைக்கு லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. பிரேக்-ஈவன்! இடுப்பில் கட்டிய ஈயக் கட்டி செலவுக் கணக்கு, ஜாக்கெட்டில் இருக்கிற காற்று வரவுக் கணக்கு. ஒரு லிட்டர் காற்று சுமார் ஒரு கிலோவைத் தூக்கும். ஒரு பித்தானை அமுக்கினால் சிலிண்டர் காற்று ஜாக்கெட்டுக்குள் வரும். இன்னொன்றை அமுக்கினால் வெளியே போகும்.

1943-ல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் தண்ணீருக்குள் மூச்சு விடுகிற கருவியைக் கண்டுபிடித்தபோது இந்த ஜாக்கெட் கிடையாது. நுரையீரலையும் ஈயத்தையும் வைத்தே சமாளித்தார்கள். 1961-ல் மோரிஸ் ஃபென்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் கழுத்தில் மாட்டுகிற ஒரு காற்றுப் பைக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். அதன் பேரன்தான் இன்றைய ஜாக்கெட்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூக்கு சிவந்து திரும்புகிற இளைஞர் கூட்டம் ஒன்று இப்போது நம் ஆபீஸ்களில் உண்டு. இரண்டு தடவை வாடகைக்கு எடுத்து முங்கினதும் 'சொந்தமா ஒண்ணு இருந்தா தேவலை' என்று தோன்றும். புதியதின் விலையைக் கேட்டால் சம்பளக் கவர் மயக்கம் போட்டு விழும். அப்புறம் பழையதைத் தேடுவோம். பழையது என்றால் ஓட்டை. நூற்றுக்கு நூறு அப்படி இல்லை என்றாலும், அப்படி நினைத்துக்கொண்டு போவது நல்லது.

எனக்கு விற்றவர் துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட மனிதர். தங்கமானவர். "காத்து இறங்குது சார். எங்கேன்னு தெரியல. தெரிஞ்சா நானே அடைச்சிருக்க மாட்டேனா?" என்றார். விலை ஆறாயிரம். ஓட்டையோடு சேர்த்துத்தான் வாங்கினேன். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "ராத்திரி பூரா காத்து நின்னுச்சுன்னு நான் என் கையால அமுக்கிப் பார்க்கணும். அதுவரைக்கும் நீங்க கடல் பக்கமே போகக் கூடாது." சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்கள் கூட இத்தனை கறார் கிடையாது.

இரண்டு வாரத்தில் புதுச்சேரியில் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு டைவ் பதிவு செய்திருந்தேன். ஆக, கெடு பதினான்கு நாள்.

முதல் ராத்திரி ஜாக்கெட்டை வாயால் ஊதினேன். (அதற்கு முன்னால் உள்ளே இரண்டு தடவை கிருமிநாசினி கலந்த தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டியாயிற்று. யார் யாரோ ஊதின பை. உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடித்திருக்கும். ஊதலாம், உள்ளிழுக்கவே கூடாது.) நன்றாக விம்மியதும் ஒரு வால்வு 'புஸ்' என்று தும்மியது. பயப்பட வேண்டாம், அது சேஃப்டி வால்வு. குக்கர் மாதிரி, அளவுக்கு மேல் போனால் விட்டுவிடும். தும்மினதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்த நிலைக்குக் காற்றைக் குறைத்துவிட்டு ஹால் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்த மாமனார், தலையில்லாத ஓர் ஆசாமி நெஞ்சை நிமிர்த்தி ஹாலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எழுப்பிய சத்தத்தைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

காலையில் ஆசாமி தொளதொளவென்று சரிந்து கிடந்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொஞ்சம் தளர்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பகல் சூட்டில் ஊதின காற்று ராத்திரி குளிரில் சுருங்கும். ஏ.சி. அறையில் கேட்கவே வேண்டாம். வெயிலில் வைத்தாலோ நேர் எதிர். ஓட்டைப் பை கூட கும்மென்று நிற்கும். அதனால் ஊதுவதும் பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் நடக்க வேண்டும். என் ஆசாமி விஷயத்தில் அந்தச் சந்தேகமே எழவில்லை. பாதிக் காற்று போயிருந்தது.

தெருமுனை பஞ்சர் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னது எதிர் ஃபிளாட் நண்பர். அவர் எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார். போனேன். கடைக்காரர் துணியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். உள்பக்கம் மோந்து பார்த்தார்.

"சார், இது ரப்பர் இல்ல. நம்ம சொல்யூஷன் இதுல பிடிக்காது. இன்னிக்கு ஒட்டின மாதிரி இருக்கும், நாளைக்கு உரிஞ்சுக்கும். இதைப் போட்டுக்கிட்டுத் தண்ணிக்குள்ள போறீங்களா?"

"ஆமா."

"அப்ப நான் கை வைக்கல சார். ட்யூப்னா வண்டி நிக்கும், அவ்ளோதான். இது ஆளு விஷயம்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஜாக்கெட் துணி நைலான். உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. விளிம்புகளைத் தைப்பதில்லை, சூட்டில் உருக்கி ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருப்பார்கள். சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற சொல்யூஷன் ரப்பருக்குத்தான் சொந்தக்காரன். ஃபெவிக்விக் போட்டால் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகி, மடித்ததும் விரிந்துவிடும். எம்-சீல் குழாய்க்கு ஆகும், மடங்குகிற துணிக்கு ஆகாது. ஆனால் ஓட்டையை எப்படித் தேடுவது என்பதில் பஞ்சர் கடைதான் குரு. தண்ணீர்த் தொட்டி, முக்கு, குமிழைப் பார்.

எங்கள் வீட்டில் தொட்டிக்குப் பதில் நீல டிரம். சென்னையில் குடியிருக்கிற எவருக்கும் அதன் அருமை தெரியும். லாரித் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் நான் ஜாக்கெட்டை முக்கியதும் சமையலறையிலிருந்து வந்த விமர்சனத்தையும் இங்கே எழுதுவதற்கில்லை.

முக்கினதும் ஏகப்பட்ட குமிழ் வரும். அதை நம்பாதீர்கள். துணி மடிப்பிலும், பாக்கெட்டிலும், ஜிப்பிலும் மாட்டிக்கொண்ட வெளிக் காற்று அது. கையால் தடவி விரட்டிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். அப்புறமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே தாளத்தில், 'நான் இருக்கேன், நான் இருக்கேன்' என்று எது வருகிறதோ, அதுதான் குற்றவாளி. பெரிய ஜாக்கெட்டை டிரம்மில் ஒரே முக்காக முக்க முடியாது. ஒவ்வொரு பாகமாக முக்க வேண்டும். டிரம் இல்லாதவர்கள் பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை பூக்கும். சில ஜாக்கெட்டுகளில் வெளிப்பை தனி, காற்றுப் பை தனியாக இருக்கும். அதில் ஓட்டை ஓரிடம், குமிழ் வருவது வேறிடம். காற்று இரண்டு துணிக்கும் நடுவில் ஊர்வலம் போய்விட்டுத்தான் வெளியே வரும். அந்த ரகத்தில் உள்பையை உருவி எடுத்து முக்கினால்தான் உண்மை தெரியும்.

நான் முதலில் துணியைத்தான் முக்கினேன். எல்லோருக்கும் பயம் துணி மேல்தான். 'கிழிஞ்சிருக்குமோ?' என்றுதான் முதலில் கேட்கிறோம். என் ஜாக்கெட்டின் துணிப்பக்கத்தில் ஒரு குமிழும் காணோம். குமிழ் வந்தது வால்விலிருந்து. பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, கயிறு தொங்குகிற ஒரு வால்வு உண்டு. தலைகீழாக நீந்தும்போது அதை இழுத்துக் காற்றை விடுவார்கள். அங்கிருந்து இரண்டு செகண்டுக்கு ஒரு முத்து, வஞ்சனையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

அந்த வால்வின் மூடியைக் கையாலேயே திருகித் திறக்கலாம். ஸ்பேனர், இடுக்கி எதுவும் வேண்டாம். அவை வந்தால் பிளாஸ்டிக் விரியும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு தட்டு, அது உட்காருகிற ரப்பர். குக்கர் கேஸ்கெட்டுக்குப் பேரப்பிள்ளை மாதிரி ஓர் ஓ-ரிங். இத்தனைதான் மொத்தக் குடும்பமும். கழற்றுவதற்கு முன் எது எதன் மேல் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துள்ளி பீரோவுக்கு அடியில் போகும் என்பதால் கீழே ஒரு துண்டையும் விரித்துக்கொள்ளுங்கள்.

ரப்பரில் ஒரு மணல் துகள். அதைச் சுற்றி உப்பு. அவ்வளவுதான்!

கடல் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூக்கும். ஒரே ஒரு உப்புக் கல் தட்டை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்தால் போதும், ராத்திரி பூரா காற்று நடையைக் கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து வால்வை ஊறவைத்தேன். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, ரப்பரை விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். பள்ளமோ வெடிப்போ தட்டுப்பட்டால் மாற்ற வேண்டும், எனக்குத் தட்டுப்படவில்லை. ஓ-ரிங்குக்குத் துளி சிலிகான் கிரீஸ். சமையல் எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி எல்லாம் வேண்டாம். சில ரப்பர்களை அது ஊதிப் பருக்க வைத்துவிடும். மூடும்போது மறையை முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். 'டிக்' என்று ஓரிடத்தில் விழும். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் மறை கோணாது. ஊறுகாய் பாட்டில் மூடியில் பழகியவர்களுக்கு இது கை வந்த கலை.

அடுத்தது, இடது தோளிலிருந்து தொங்குகிற யானைத் துதிக்கை. நெளிநெளியான அந்தக் குழாயை இரண்டு கையாலும் இழுத்து, ஒவ்வொரு நெளிவுக்கும் நடுவில் பார்க்க வேண்டும். சும்மா தொங்கும்போது வெடிப்புகள் மூடிக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். குழாயின் இரண்டு முனையையும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருப்பார்கள். எலெக்ட்ரீஷியன்கள் ஒயரைக் கட்டுகிறார்களே, அதே டை. என்னுடையதில் கீழ் முனை டை வெயிலில் வெளுத்துத் தளர்ந்திருந்தது. வெட்டிப்போட்டுவிட்டுப் புதிது போட்டேன். மிச்சத்தை ஒட்ட நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.

இரண்டாம் ராத்திரி மாமனார் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டார். காலையில் மனைவி அமுக்கினாள்.

"நேத்து ஊதினப்ப கல்லு மாதிரி இருந்துச்சு. இப்ப இட்லி மாதிரி இருக்கு."

"முன்னைக்கு இது தேவலாம்."

"தேவலாம்னா தண்ணிக்கடியில ஒத்துக்குமா?"

பாலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் பன்னிரண்டு ரூபாய் இடித்தால் சஸ்பென்ஸ் அக்கவுன்டில் தள்ளுகிற ஆசாமிகளை எனக்குத் தெரியும். ஜாக்கெட்டில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் கிடையாது.

டிரம்மில் முக்கினால் எங்கும் குமிழ் தெரியவில்லை. அத்தனை சின்ன ஓட்டை. இதற்கு ஒரு தலைகீழ் வைத்தியம் உண்டு. தண்ணீருக்குள் காற்றைத் தேடுவதற்குப் பதில், காற்றுக்குள் தண்ணீரைத் தேட வேண்டும். ஜாக்கெட்டுக்குள் மூன்று லிட்டர் தண்ணீரை ஊற்றி, காற்றையும் ஊதி, வெளிப்பக்கத்தைத் துணியால் ஒற்றி நன்றாகக் காயவிட்டேன். பிறகு பழைய பேப்பரை விரித்து அதன் மேல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தேன், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் வீதம். மூன்றாவது பக்கத்தில் தங்க விலை நிலவரத்தின் மேல் எட்டணா அளவுக்கு ஈரம். சிலிண்டரைத் தாங்குகிற முதுகுப் பலகையின் விளிம்பு வருஷக்கணக்கில் உரசிய இடம். பால்பாயின்ட் பேனாவால் சுற்றி வட்டம் போட்டேன். கண்ணுக்கு ஓட்டை தெரியவே இல்லை.

ஒட்டுவதற்கு அக்வாசீல் என்கிற யூரித்தேன் பசை. டைவர்கள் பல பேர் பையில் ஒரு டியூப் இருக்கும். அவசரக்காரர்களுக்கு ஆகாத பசை இது. முதலில் ஜாக்கெட் உள்ளும் புறமும் காய வேண்டும். ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள். ஒட்டுகிற இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அப்புறம்தான் சூட்சுமம். வெளியே தடவின பசை துணிக்கு மேலேயே ஆடை கட்டிக்கொண்டு நின்றால் பிரயோஜனமில்லை, ஓட்டைக்குள் இறங்க வேண்டும். அதற்கு ஜாக்கெட்டுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், வெளிக் காற்று உள்ளே நுழையப் பார்க்கும்; போகிற போக்கில் பசையையும் இழுத்துக்கொண்டு போகும். பலர் வாயால் உறிஞ்சுகிறார்கள். உள்ளே குடியிருக்கிற பூசணத்தை நினைத்துப் பார்த்து நான் வாக்வம் கிளீனரை வாய்க்குழாயில் பிடித்தேன். காற்று விடுகிற பித்தானை அமுக்கிக்கொண்டே உறிஞ்ச வேண்டும். பித்தானை விட்டதும் ஜாக்கெட் அப்பளமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வட்டத்தின் நடுவில் ஒரு துளி. ஐஸ் குச்சியால் ஓட்டையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் பரப்பினேன். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். சென்னையின் புழுக்கம் முதல் முறையாக என் பக்கம் நின்றது.

ஒரு முழு நாள் தொடவில்லை. மிச்சப் பசை டியூபிலேயே இறுகிவிடும் என்பதால் ஃப்ரீஸரில், ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்தேன். (லேபிள் ஒட்டி!)

ஒன்பதாம் நாள் காலை மனைவி அமுக்கினாள். தட்டினாள். காது வைத்துக் கேட்டாள். "சரி" என்றாள். பி.காம். மூன்று வருஷத்திலும் எனக்கு இத்தனை பெரிய பாஸ் கிடைத்ததில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். புதுச்சேரியில் எனக்கு டைவிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அப்படி நினைக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அப்பா சங்கு குளித்தவர். சிலிண்டரும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை, அடக்கிப் பிடித்த ஒரு மூச்சுதான் மூலதனம். டைவுக்கு முந்தின நாளே ஜாக்கெட்டைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

"காத்து நிக்கிதுண்ணே. ராத்திரி பூரா நின்னுச்சு."

"வெளிய போற காத்தப் பாத்துட்டிய. உள்ள வர்ற காத்தப் பாத்தியளா தம்பி?"

ஜாக்கெட்டிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றினார். சிலிண்டரோடு குழாயை மாட்டினார். வால்வைத் திறந்தார். ஒரு பித்தானையும் தொடவில்லை. "வாங்க, டீ குடிப்போம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால், தட்டையாக விட்டுப் போன ஜாக்கெட் பாதி ஊதி, பெஞ்சில் எழுந்து உட்கார்ந்திருந்தது.

நான் அதுவரை காற்று போகிற பக்கத்தையே காவல் காத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சிலிண்டர் இல்லாததால் வருகிற பக்கத்தைப் பார்க்க வழியும் இல்லை. சிலிண்டரிலிருந்து இந்தப் பித்தானுக்கு வருகிற காற்று, சுற்றி இருக்கிற அழுத்தத்தைவிட ஒன்பது, பத்து பார் கூடுதலாக வரும். தடுத்து நிறுத்துவது ஒரு குட்டி வால்வு. மோட்டார் சைக்கிள் டயர் வால்வுக்குள் ஒரு குச்சி இருக்குமே, பல மாடல்களில் அதே ஜாதி. உப்பு பிடித்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, அது சரியாக மூடாது. காற்று பூனை மாதிரி உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும்.

காற்று வெளியே போகிற ஜாக்கெட்டால் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே வந்த பிறகு மிதக்க முடியாமல் போனால் ஈயக் கட்டியை உதறிவிட்டுத்தான் தப்பிக்க வேண்டும். ஆனால் காற்று உள்ளே வருகிற ஜாக்கெட் வேறு ஜாதி ஆபத்து. பள்ளிக்கூடத்தில் பாயில் விதி படித்தோமே, பரீட்சைக்கு மட்டும் உபயோகம் என்று நினைத்து மறந்தோமே, அது இங்கே காத்துக்கொண்டிருக்கிறது. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 2.8 பார். அங்கே ஜாக்கெட்டில் 4 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று பத்து மீட்டருக்கு வரும்போது 5.6 லிட்டர். மேலே வந்தால் 11 லிட்டருக்கு மேல். யாரும் ஒரு சொட்டுக் காற்று சேர்க்காமலே! காற்று கூடினால் மேலே தூக்கும். மேலே போனால் காற்று இன்னும் விரியும். விரிந்தால் இன்னும் வேகமாகத் தூக்கும். வட்டிக்கு வட்டி. இதில் வால்வும் சேர்ந்து கசிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட கால்குலேட்டர் வேண்டாம்.

நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாதே என்று இன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ராக்கெட் மாதிரி மேலே வருகிறவன் பயத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரலில் இருக்கிற காற்றும் இதே கணக்கில் விரியும். மூச்சு அடக்கியிருந்தால் ஒன்றரை மீட்டர் ஏற்றம் கூட நுரையீரலைக் கிழிக்கப் போதும். நுரையீரல் தப்பினாலும், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டுகளையும் முதுகுத் தண்டையும் பிடிக்கலாம். டிரம்மில் முத்து முத்தாகப் பார்த்தேனே, அந்தக் குமிழ் உடம்புக்குள்.

"அப்பா காலத்துல மூச்ச அடக்கிட்டுப் போறவுகளுக்கு இந்தக் கஷ்டம் கெடையாது தம்பி. மேல இழுத்த மூச்சு, மேலயே வந்து விடுறது. நாமதான் கீழ போயி காத்து வாங்குறோம். வாங்கினதுக்குக் கணக்கு ஒப்பிக்கணும்லா?"

அந்தக் குட்டி வால்வை நானே மாற்றுகிறேன் என்றேன். டயர் வால்வுதானே?

"பாக்கத்தான் டயர் வால்வு. ஸ்பிரிங் பலம் வேற, ரப்பர் வேற. துணில பசை போடுதியளா, போடுங்க. டை மாத்துதியளா, மாத்துங்க. இது மட்டும் வீட்ல வேண்டாம்."

சர்வீஸ் கிட் வரவழைத்து அவரே மாற்றினார். பித்தான்களைக் கழற்றிக் கழுவி, மாட்டி, பழையபடி சிலிண்டரில் இணைத்து, திரும்பவும் டீ. இந்தத் தடவை ஜாக்கெட் படுத்தது படுத்தபடி கிடந்தது. கிட் வர நாலு நாள் ஆனதில் என் டைவ் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவருக்கு ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக் குடுங்க" என்றாள்.

மாஸ்டர் அத்தோடு விடவில்லை. கரையில் நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, குழாயைக் கழற்றச் சொன்னார். பித்தான் சிக்கிக்கொண்டு காற்று புகுந்துகொண்டே இருந்தால், ஒரு கையால் காற்று வெளியேறும் பித்தானை அமுக்கிக்கொண்டு, மறு கையால் குழாயை ஜாக்கெட்டிலிருந்து பிடுங்க வேண்டும். மூச்சை விட்டபடியே இருக்க வேண்டும். பயிற்சியில் எல்லோருக்கும் இதை ஒரு தடவை காட்டுவார்கள். என்னை இருபது தடவை செய்ய வைத்தார். கழற்றுகிற மூட்டில் உப்பு பிடித்துக் கெட்டியாக இருந்தால் அந்த நேரத்தில் வராது என்பது ஐந்தாவது தடவையில் புரிந்தது. அதையும் ஊறவைத்துக் கழுவினோம். அப்புறம் மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு வெள்ளோட்டம். அதற்கப்புறம்தான் பதினெட்டு.

பதினெட்டு மீட்டரில் என்ன பார்த்தேன் என்பது வேறு கட்டுரை. ஜாக்கெட்டைப் பற்றி ஒரு தடவை கூட நினைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

செலவுக் கணக்கு: ஜாக்கெட் ஆறாயிரம். பசை, டை, சிலிகான் கிரீஸ், ஆல்கஹால் எல்லாமாக ஆயிரத்து நானூறு. சர்வீஸ் கிட்டும் கூலியும் இரண்டாயிரம். ஸ்வீட் ஒரு கிலோ. இப்போது ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் வாய்க்குழாய் வழியாக நல்ல தண்ணீர் விட்டு, குலுக்கி, தலைகீழாகப் பிடித்துக் கொட்டிவிட்டு, அரைக் காற்றோடு நிழலில் தொங்க விடுகிறேன். செலவில்லாத வேலை.

விஷயம் பரவி, எதிர் ஃபிளாட் நண்பரும் எங்கோ பேரம் பேசி இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்களுக்குத்தான் கை வந்துடுச்சே, இதையும் பார்த்துக் குடுங்க!" உள்ளே தண்ணீர் விட்டுக் கொட்டினேன். தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் வந்தன, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி. உள்பூச்சு உரிந்துகொண்டிருந்தது. துணியைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. விளிம்பு ஒட்டு ஒரு சாண் நீளத்துக்கு வாயைத் திறந்திருந்தது. ஓட்டை இருந்தால் அடைக்கலாம். துணியே ஓட்டையாகிக்கொண்டிருந்தால் அக்வாசீலை வாளியில் கரைத்து ஊற்றினாலும் நிற்காது. உரிகிற செதில் ஒன்று போய் வால்வில் உட்கார்ந்தால் அது வேறு கதை.

"ஒரு டைவுக்காவது தாங்காதா?" என்றார்.

"எந்த டைவுக்கு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொருவர் வாங்கி ஏமாறக் கூடாது என்று கத்தரிக்கோலால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினோம். நல்லதாக இருந்த இரண்டு வால்வும், நாலு வளையமும், ஒரு பெல்ட் பக்கிளும் கழுவித் துடைத்து என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்பேராக இருக்கின்றன. மிச்சத் துணி அவருடைய ஸ்கூட்டர் ஸீட்டுக்கு உறையாகிவிட்டது. மழைக்கு ஒழுகுகிறதாம்.